பூங்கொடியின் மஞ்சள் போர்டு

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டாக்ஸி ஸ்டாண்டில் ஒரே ஒரு பெண் ஓட்டுநர்தான் இருக்கிறார். பெயர் பூங்கொடி. திருவிடந்தைக்குப் போக வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், முறை யாருடையது என்று பார்க்காமல் மற்ற ஓட்டுநர்கள் அவரைக் கை காட்டுவார்கள். பெருந்தன்மையால் அல்ல. கல்யாணம் தள்ளிப்போகிற மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அந்தச் சவாரிக்கு வருகிறவர்கள். அவர்கள் வழியெல்லாம் பேசுவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் வண்டிக்குள்ளேயே சண்டை போடுவார்கள். "அந்தப் பேஜாரு நமக்கு ஆவாது, அதெல்லாம் பூங்கொடி பாத்துக்கும்" என்பது ஸ்டாண்டின் மூத்த ஓட்டுநர் அருணகிரியின் வாக்கு.

நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலில் மாலை வாங்கி, அர்ச்சனை முடிந்ததும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்ற வேண்டும். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதனால் ஒரே குடும்பம் பூங்கொடி அக்காவின் வண்டியில் இரண்டு முறை ஏறும். "பச்ச மாலைக்கு ஒரு சவாரி, காஞ்ச மாலைக்கு ஒரு சவாரி. ரெண்டாவது சவாரில யாரும் அழ மாட்டாங்க. சாமான் நிறைய இருக்கும், அவ்ளோதான்" என்பார்.

என்னையும் அம்மா ஒரு முறை அந்த வண்டியில் அழைத்துப் போனார். அம்மா பெயர் ருக்மிணி, பள்ளி ஆசிரியை. திருக்கழுக்குன்றம் வரும்வரை அம்மாதான் பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து அக்கா கேட்டார்:

"இன்னா பாப்பா, இது உன் இஷ்டமா, அம்மா மனசுக்கா?"

"அம்மாவுக்கு."

"அப்படின்னா திரும்பறப்ப கடலாண்ட கொஞ்சம் நிறுத்தறேன். அது உனக்கு."

சொன்னபடியே நிறுத்தினார். அம்மா வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, நானும் அக்காவும் கால் நனைத்தோம். அதற்குப் பிறகு ஊருக்குள் எங்கே பார்த்தாலும் அக்கா ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்.

அக்காவின் ஊர் மதுராந்தகம் ஏரிக்கு அப்பால் ஒரு கிராமம். அவர் முதலில் ஓட்டியது டிராக்டர். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு அதை ரைஸ் மில் வாசலுக்குள் பின்பக்கமாக நுழைக்க அண்ணன் தம்பிகளுக்கு வரவில்லை, இவருக்கு வந்தது. கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபிறகு ஜெகதீசன் என்பவரின் டாக்ஸியை எடுத்து ஓட்டினார். கணவர் கருப்பன் மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு கேண்டீனில் சமையல் செய்கிறார். வீட்டில் அவர் பேசுவது குறைவு. பேசினால் அது பெரும்பாலும் உப்பைப் பற்றியதாக இருக்கும்.

சென்ற கோடையில் ஜெகதீசன் தன் டாக்ஸியை விற்கப் போவதாகச் சொன்னார். வண்டி போனால் ஸ்டாண்டில் அந்த வண்டிக்கு உள்ள இடமும் வாங்குகிறவருக்குப் போய்விடும். இடம் வண்டிக்குத்தான், ஓட்டுகிறவருக்கு அல்ல. அதே நேரம் இன்னொரு ஓட்டுநர் சென்னைக்குக் குடிபோனதால் ஒரு இடம் காலியானது. அருணகிரி அக்காவைக் கூப்பிட்டார்.

"தோ பாரு பூங்கொடி. சொந்த வண்டி போடு. ஆவணி முடியறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்தினா அந்த எடம் உனுக்கு. இல்லன்னா மணி கேட்டுகினு கீறான், அவனுக்குப் போயிடும். அப்பறம் என்னாண்ட வந்து நிக்காத."

"ஆவணி இன்னாத்துக்கு அண்ணாத்த, ஆடியிலயே கொண்டாந்து காட்டறேன்."

"ஆடியில எவன் வண்டி எடுப்பான்?"

"எடம் போச்சுன்னா ஆவணியில உக்காந்து ஆடணும். நான் எடுப்பேன்."

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஷோரூமில் பாங்குக் கடனில் வண்டிக்குச் சொன்னார். டாக்ஸிக்குத்தான் என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார். ஆனால் ஷோரூம்காரர்கள் தாங்களாகவே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை என்பதால் அந்த மாதத்து ஃபைல்களையெல்லாம் ஒரு மூலையில் அடுக்கி வைத்துவிட்டார்கள். அக்கா போய்க் கேட்கும்போதெல்லாம், "ரிஜிஸ்ட்ரேஷன் போயிட்டு இருக்கு மேடம்" என்ற பதில்தான். வண்டியோ பின்புறத்து யார்டில் தூசி படிந்து நின்றது. ஒருநாள் அதன் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் இதயம் வரைந்திருந்ததாக அக்கா சொன்னார். "எனக்கு முன்ன வேற எவனோ அதும்மேல ஆசப்பட்டுட்டான் பாப்பா" என்று சிரித்தார்.

ஆடி முடியும் நேரத்தில் ஷோரூமிலிருந்து ஃபோன் வந்தது. அக்கா மாமல்லபுரம் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஃபோனில் வந்த ஓடிபி எண்ணைப் படித்துச் சொன்னார். வேறொன்றும் அவர்கள் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. சில நாட்களில் நம்பர் விழுந்துவிட்டது என்றும், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பு வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

"நீயும் அம்மாவும் வாங்க. இங்கிலீஷ்ல எதுன்னா குடுத்தா நீ படிச்சு சொல்லு" என்று அக்கா கூப்பிட்டதால் போனோம்.

அன்று ஷோரூம் கல்யாண மண்டபம் போல இருந்தது. ஆடி முழுவதும் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பட்டுப் புடவையும் குங்குமமுமாக வந்திருந்தார்கள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வெளியே போகும் கண்ணாடி வாசல் ஒன்றே ஒன்று. அதற்கு நேரே முதலாவதாக நின்றது அக்காவின் வண்டி. மேலே பளபளக்கும் துணி, துணிக்கு மேல் சாமந்தி மாலை. கருப்பன் ஒரு கையில் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் போட்ட பையும், இன்னொரு கையில் தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்திருந்தார். வந்ததும் யாரிடமும் பேசாமல் குனிந்து நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழங்களை வைக்கத் தொடங்கினார்.

ஷ்ரவண் என்ற விற்பனையாளர் அட்டையில் செய்த பெரிய சாவியோடு வந்தார். யாரோ பாட்டுப் போட்டார்கள். மாலையை ஒருவர் தூக்கிப் பிடிக்க, துணியை உருவினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. வண்டியின் முன்னால் போய் உட்கார்ந்து நம்பர் பிளேட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது?"

"நம்பர் பிளேட் மேடம்."

"அது தெரியுது. வெள்ளையா கீதே."

"ஆமா மேடம், புதுசாச்சே, பளிச்சுனு இருக்கும்."

"டாக்ஸிக்கு மஞ்ச போர்டு தம்பி. வெள்ளை போர்டு வூட்டு வண்டிக்கு."

ஷ்ரவணின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. உள்ளே ஓடிப்போய் ஃபைலைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி சொந்த உபயோகத்துக்கென்று பதிவாகியிருந்தது. முதல் நாள் அக்கா பேசிய பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். ஆடிக்குப் பிறகு மலைபோல் குவிந்த ஃபைல்களில் இது ஷ்ரவண் கைக்கு வந்திருக்கிறது.

"லேடீஸ் பேரு பார்த்தேன் மேடம். வீட்டுக்குத்தான் இருக்கும்னு..."

"என் லைசன்ஸு குடுத்தேன். டிரைவர் பேட்ஜு குடுத்தேன். அப்பயும் நான் ஓட்டறதுக்குன்னு உனக்குத் தோணல?"

"ஓடிபி நீங்கதானே மேடம் சொன்னீங்க."

"ஓடிபி நான் சொன்னேன். ஆமா. உன் நெனப்ப நான் சொல்லலையே நைனா."

ஷ்ரவண் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இப்ப எடுத்துட்டுப் போங்க. வெள்ளை போர்டுலயே நிறைய பேர் சவாரி ஓட்டறாங்க. ஈ.சி.ஆர்.ல பாதி வண்டி அப்படித்தான். யாரும் கேக்க மாட்டாங்க."

அது அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. வெள்ளை போர்டு வண்டியில் திருட்டுத்தனமாகச் சவாரி ஓட்டுகிறவர்களை ஸ்டாண்டில் யாருக்கும் ஆகாது. ரயிலடியில் அப்படி ஒருவன் ஆள் ஏற்றியபோது, சாவியைப் பிடுங்கிக்கொண்டு போலீஸ் வரும்வரை தராமல் நின்றவர் அக்காதான்.

"கேக்க மாட்டாங்க. வழியில எதுன்னா மோதி, பின்னால உக்காந்துகினு வர்ற பொண்ணுக்கு அடிபட்டா? வூட்டு வண்டியில காசு வாங்கி ஆள் ஏத்தினியான்னு இன்சூரன்ஸ்காரன் கேப்பான் இல்ல? அவங்க பெருமாள நம்பி வர்றாங்கன்றது அப்பறம். மொதல்ல என்னை நம்பிதான் ஏறறாங்க."

இதற்குள் மேனேஜர் ராஜாராம் வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டு, ஷ்ரவணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: "தப்பு எங்களோடதுதாம்மா. நீங்க இப்ப வண்டிய எடுத்துக்கங்க. பின்னால நாங்க மாத்திக் குடுத்துடறோம்."

"பின்னால பின்னாலன்னு ஆடியே போய்ட்சு சார். நான் எடுத்துக்கல." சொல்லிவிட்டு அங்கிருந்த சோபாவில் போய் அமைதியாக உட்கார்ந்தார். கத்தவில்லை, கை நீட்டிப் பேசவில்லை. அட்டைச் சாவி ஷ்ரவண் கையிலேயே இருந்தது. கருப்பன் மனைவியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தூக்கைத் திறந்து, காத்திருந்தவர்களுக்கு இலைத்துண்டில் பொங்கல் கொடுக்க ஆரம்பித்தார். "சூட்டோட சாப்புடுங்க. நெய் கொஞ்சம் தூக்கலா கீது" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

அடுத்த வண்டிக்குரியவர் ஜானகிராமன். மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்கிறவர். பொங்கலைத் தின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். "சார், பத்தரைக்கு ராகுகாலம். நான் கெளம்பணும்."

ராஜாராம் பையன்களைக் கூப்பிட்டார். "முதல் வண்டியைப் பின்னால தள்ளி ஓரமா விடுங்கப்பா."

அம்மா என் காதில்தான் சொன்னார். ஆனால் முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரலுக்கு ரகசியம் தெரியாது. "மாலை போட்ட வண்டியை, முதல் அடியே பின்னாலயா எடுத்து வைப்பாங்க?"

ஷோரூம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன்கள் பானட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்கள். ஜானகிராமன் பொங்கல் இலையை மனைவியிடம் கொடுத்தார்.

"யோவ், தள்ளாதீங்க! என் வண்டிக்கு முன்னாடி நின்னு அப்படிப் பண்ணா நான் இன்னிக்கு எடுக்கவே மாட்டேன்."

"நாங்களும்தான்" என்று பின்னால் ஒரு அம்மாள் சொன்னார். அவருக்குப் பின்னாலும் தலைகள் ஆடின.

வண்டி முன்னால் போக முடியாது. வாங்குகிறவர் ஏற மறுத்துவிட்டார். பின்னாலும் போக முடியாது. வரிசையில் இருக்கிற யாரும் அதைச் சகிக்க மாட்டார்கள். நான்கு எலுமிச்சம்பழங்களுக்குப் பின்னால், ஒரே வாசலை அடைத்துக்கொண்டு அது நின்றது. அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரெய்லரை மில் வாசலில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் வழிவிடக் காத்திருந்த பெண் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ராஜாராம் சோபாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "அம்மா, நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க."

"பாங்குக்கு ஃபோன் பண்ணுங்க. வண்டி டாக்ஸியா மாறணும்னா அவங்க சம்மதம் வேணும். அப்பறம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓடற உங்க ஆளுக்கு பண்ணுங்க. ரெண்டும் ஸ்பீக்கர்ல, என் முன்னால. வரி வித்தியாசம், பர்மிட்டு, இன்ஸ்பெக்‌ஷன், புது பிளேட்டு எல்லாம் உங்க பொறுப்பு."

அவர் செய்தார். பாங்கு மேலாளர் ஸ்பீக்கரில் இழுத்தபோது, ஜானகிராமனே ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து, "சார், சீக்கிரம் சரின்னு சொல்லுங்க சார், ராகுகாலம் வந்துரும்" என்றார். மேலாளர் சம்மதக் கடிதத்தைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்.

"சரி. இப்பயாவது வண்டிய எடுங்கம்மா" என்றார் ராஜாராம்.

"நான் எதுக்கு எடுக்கணும்? மஞ்ச போர்டு ஆனப்பறம்தான் அது என் வண்டி. இப்ப உங்க வண்டி. நீங்களே எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி முன்னால ஓட்டிகினு போங்க. ஒரு சுத்து சுத்தி பின்பக்க கேட்ல வுட்டுக்குங்க."

டை கட்டிய ராஜாராம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அக்கா போய் மாலையைக் கழற்றிக்கொண்டார். "இது மட்டும் என்னுது." கருப்பன் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஷோரூமில் கட்டியிருந்த மணியை யாரோ அடித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், இந்த முறை அக்காவும். ஜானகிராமன் பத்தரைக்கு முன்னால் வெளியே போய்விட்டார். போகும்போது அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா பேருந்திலிருந்து இறங்கியதுமே, காலி இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மணி ஆரம்பித்தான். "வாங்க ஓனரம்மா! வெள்ள போர்டு மகாராணி! கார் எங்க, பையில கீதா?"

"உன் வாயில நிறுத்தலாம்னு பாத்தேன் மணி. எடம் தாராளமா கீது."

எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரி சிரிக்கவில்லை. "மெய்யாவா பூங்கொடி? வெள்ள போர்டுன்னு தெரிஞ்சதும் சாவி வாங்கலியா?"

"வாங்கிகினு வந்து உன் மூஞ்சிய எப்படி அண்ணாத்த பாக்கறது?"

அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

ஷோரூம்காரர்கள் சொன்னதைச் செய்தார்கள், ஆனால் எல்லாம் அவர்கள் கையில் இல்லை. பாங்கு கடிதம் வந்தது. அதற்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விடுமுறை. அது முடிந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரிசை. அதுவும் முடிந்தால் மஞ்சள் பிளேட் அச்சாகி வர வேண்டும். ஆவணி கரைந்துகொண்டிருந்தது. ஜெகதீசனின் பழைய வண்டி புது ஆள் கைக்குப் போய்விட்டது. அக்கா ஸ்டாண்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. யாராவது சாப்பிடப் போனால் அவர்கள் சவாரியை எடுத்தார். கவலையாக இல்லையா என்று கேட்டேன். "கவலப்பட்டா பிளேட்டு மஞ்சளாயிடுமா பாப்பா? எடம் போனா போவுது, மறுபடி ஒன்னு புடிப்பேன். வெள்ள போர்டு ஓட்னேன்னு பேரு வந்தா, அது போவாது" என்றார். ஆனால் காலி இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் கண் அங்கே போய் வந்ததை நான் பார்த்தேன்.

ஆவணியின் கடைசி நாள். மணி தன் வண்டியைத் துடைத்துப் பொட்டு வைத்து, காலி இடத்தில் நிறுத்த வந்தான். அங்கே ஒரு குடம் இருந்தது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் குடம்.

"யார் அண்ணாத்த குடத்த இங்க வெச்சது?"

"அது குடம் இல்ல" என்றார் அருணகிரி. "பூங்கொடி வண்டி. ஆவணி முடியறதுக்குள்ள வந்துட்சு பாரு."

"இன்னா அண்ணாத்த, வெளாட்றியா? அதுல சக்கரம் எங்க?"

"கலர் பாரு. மஞ்ச போர்டு. நம்ம ஸ்டாண்ட்ல சட்டம் அதான். தண்ணி லாரிக்கு உங்க வூட்டு குடம் லைன்ல நிக்கும்போது, நீயா நிக்கற? எடுத்து வேற யாராவது வெச்சா வுடுவியா?"

தண்ணீர் வரிசையில் குடம் நின்றால் ஆள் நின்ற கணக்கு. அதை மறுத்துப் பேச அந்த ஊரில் யாருக்கும் வாய் கிடையாது. மணி குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த எடம் காலியானா எனக்கு. சத்தியம் பண்ணு" என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்து வந்த நாட்களில் அந்தக் குடம் முறையாக வரிசையில் நகர்ந்தது. முன்னால் ஒரு வண்டி கிளம்பினால் பின்னாலிருப்பவர் காலால் குடத்தை ஒரு வண்டி நீளம் தள்ளிவிடுவார். அது வரிசையின் முன்னால் வந்து நின்றபோது ஒரு வெளியூர்க்காரர் குழம்பிப்போய் விசாரிக்க, அருணகிரி முகம் மாறாமல் பதில் சொன்னாராம்: "இது திருவிடந்தை சவாரி சார். இன்னிக்கு பஞ்சரு. பின்னால இருக்கற வண்டியில ஏறுங்க."

புரட்டாசி பிறந்தபிறகு ஷோரூமிலிருந்து ஃபோன் வந்தது. மஞ்சள் பிளேட் வந்துவிட்டது. நல்ல நாள் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். "பெருமாள் மாசம். இதவிட நல்ல நாள் இன்னா சார்" என்று அன்றைக்கே போய் எடுத்துக்கொண்டார். நேரே ஸ்டாண்டுக்கு வரவில்லை. வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஷோரூம் மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதலில் திருவிடந்தைக்கு ஓட்டினார். சாமந்தி சருகாகியிருந்தது. கோயிலில் பட்டர் எந்தக் கல்யாணத்து மாலை என்று கேட்டதற்கு, "வண்டிக்குங்க சாமி. இப்பதான் முடிஞ்சுது" என்றாராம்.

அன்று மாலை அம்மாவும் நானும் மின்சார ரயிலைவிட்டு இறங்கி வெளியே வந்தபோது அந்த வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. அக்கா வழக்கப்படி வரிசையின் கடைசியில் போய் நிறுத்தினார். அருணகிரி அங்கிருந்தே கத்தினார்:

"எங்க போற? உன் வண்டி முன்னால நிக்குது பாரு!"

குடம் வரிசையின் முதல் இடத்தில் நின்றது. எல்லா வண்டிகளும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டன. மணி கையசைத்து உள்ளே வரச் சொன்னான். அக்கா வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இறங்கி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் ஒரு தகப்பனார், மனைவி, தலை குனிந்த ஒரு மகளோடு வந்து நின்றார்.

"திருவிடந்தைக்குப் போகணும். இந்த வண்டி போகுமா?" என்று அக்காவிடமே கேட்டார். அக்கா தலையாட்டினார். அவர் காலியான ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். "டிரைவர் எங்கம்மா?"

ஸ்டாண்டு மொத்தமும் குடத்தோடு நின்றவரைக் கை காட்டியது.